மந்தர காந்தாரத்தில் ஓர் எல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் இந்தப் பகுதியில் பாளையங்கோட்டை வாசகர் ஒருவர், பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டரால் தம் வீட்டுச் சுவரும் கண்ணாடி அலமாரியும் இரவில் அதிர்வதாக எழுதி, தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் என்ற பெட்டியையே குடியிருப்புப் பகுதிகளில் தடை செய்ய வேண்டும் என்று முடித்திருந்தார். அவருடைய வருத்தம் முழுக்க நியாயமானது. அவர் கேட்கும் தீர்வைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்பு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் நிலையில் நானே இருந்தேன் என்பதால், என் அனுபவத்தைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

தொலைபேசித் துறையில் முப்பதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், அம்பாசமுத்திரத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பட்டாசலில் (நடுக்கூடத்தில்) நல்ல பாட்டுக் கருவி ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு ரிசீவரும், 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு) கொண்ட இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும், 10 அங்குல சப்வூஃபர் ஒன்றும் வாங்கினேன். கடையிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் ஒயர் இழுத்து, சப்வூஃபரைப் பத்தாயத்துக்குப் பக்கத்து மூலையில் தள்ளி வைத்து, அதன் முதுகிலிருந்த திருகுகளை எல்லாம் முக்கால் பங்குக்குமேல் திருப்பிவிட்டு, ஒரு சண்டைக்காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். நிலைக்கதவின் தாழ்ப்பாள் கடகடத்தது. 'எப்படி சார் பேஸ்?' என்று கேட்டார்கள். நானும் அந்த நேரத்து மயக்கத்தில் தலையாட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் அடுத்த வீட்டு ஆச்சி வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். 'தம்பி, நீங்க பாட்டுதான போடுதீய? எங்க அடுக்களையில பாட்டு கேக்கல, இடிதான் கேக்கு. சாமி அலமாரியில செம்பெல்லாம் ஆடுது' என்றார்கள். அவர்கள் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. அன்று மாலை எங்கள் பட்டாசலிலேயே உட்கார்ந்து கவனித்துக் கேட்டபோது, எனக்கும் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்பது புரிந்தது. பாடகரின் தொண்டை முன்னால் இருந்தது, நெஞ்சு பத்தாயத்தின் பக்கம் இருந்தது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம், ஒவ்வொரு அடிக்கும் ஒரே சுருதியில், ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல விழுந்தது.

குறை பெட்டியில் இல்லை. சிறிய ஸ்பீக்கர்கள் எந்த இடத்தில் நிறுத்தி, சப்வூஃபர் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்ற எல்லையை யாருமே வகுக்கவில்லை. அந்த எல்லைக்குத்தான் கிராஸ்ஓவர் என்று பெயர். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது நொடிக்கு 20 அதிர்விலிருந்து, 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இவ்வளவு அகலமான பரப்பை ஒரே கூம்புத்தாளால் ஒழுங்காக எழுப்ப முடியாது என்பதால், தாழ்ந்த ஒலிகளைப் பெரிய கூம்புக்கும் மற்றவற்றைச் சிறியவற்றுக்கும் பிரித்து அனுப்புகிறோம். தொலைபேசிக் கம்பியில் பல உரையாடல்களை வடிகட்டிகளால் பிரித்து அனுப்பிய எங்கள் தலைமுறைக்கு இது புதிதல்ல. சத்தத்தை அளக்கும் டெசிபல் என்ற அளவே தொலைபேசி ஆய்வகத்தில் பிறந்ததுதான் என்பதை இளைஞர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இந்த எல்லை எங்கே விழுகிறது என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்வதைவிடச் சுரக் கணக்கில் சொன்னால் நம் ஊர்க் காதுகளுக்கு எளிதில் பிடிபடும். 1 கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதன் கீழ்ப் பஞ்சமம் சுமார் 98, மந்தர ஷட்ஜம் சுமார் 65. பெரும்பாலான வீடுகளுக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் 80 ஹெர்ட்ஸ், மந்தர ஸ்தாயியின் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில் வந்து விழுகிறது. பாடகர்கள் மந்தரப் பஞ்சமத்துக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே 80-இல் எல்லை வைத்தால் குரல் முழுவதும் முன்னாலிருக்கும் ஸ்பீக்கர்களிடமே இருக்கும். தம்புராவின் நான்காம் தந்தியின் அடிச்சுரம், மேளத்தின் அடிவயிறு, திரைப்படத்தின் இடிமுழக்கம் ஆகியவை மட்டும் சப்வூஃபருக்குப் போகும். என் வீட்டில் கடைக்காரர்கள் வைத்துவிட்டுப் போனதுபோல 150-இல் வைத்தால் என்ன ஆகும்? ஷட்ஜமும் சதுச்ருதி ரிஷபமும் மூலையிலிருந்து வரும், காந்தாரத்திலிருந்து மேலே முன்னாலிருந்து வரும். ஆரோகணம் பாடும்போது பாடகர் பத்தாயத்தடியிலிருந்து எழுந்து மேடைக்கு நடந்து வருவார், அவரோகணத்தில் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து எழும் அதன் மடங்குகளான மேற்சுரங்கள் எப்போதும் முன்னாலிருந்தே வருவதால் இது முற்றாக நிகழ்வதில்லை என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த நடமாட்டத்தை உணர முடியும்.

மேற்சுரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருநெல்வேலி வானொலியை உள்ளங்கை அகல டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸைச் சொல்லும்படியாக எழுப்ப முடியாது. இருந்தும் செய்தி வாசித்த ஆணின் குரல் ஆண் குரலாகவே கேட்டது. அடிச்சுரம் வராவிட்டாலும் அதன் மடங்குகளைக் கொண்டு மூளை அதை ஊகித்துக்கொள்ளும். ஆகவே சப்வூஃபரை அதிகம் ஏற்றாவிட்டால் குரல் கம்பீரம் இழந்துவிடும் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

80 என்ற எண்ணுக்குக் காரணங்கள் உண்டு. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் பொறுப்பில் உருவாகி 1983-இல் திரையரங்குகளுக்கு வந்த டிஎச்எக்ஸ் என்ற ஒலித் தரம், பின்னர் வீட்டுக் கருவிகளுக்கு விரிந்தபோது 80 ஹெர்ட்ஸையே எல்லையாகக் கொண்டது. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அறைக்குள் இருக்கும் காதால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே பெட்டி எந்த ஓரத்தில் இருந்தாலும் இசை முன்னாலிருந்து வருவதாகவே தோன்றும். இன்னொரு காரணம் கூம்புத்தாளின் உழைப்பு. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 80-இல் ஒரு மில்லிமீட்டர் ஆடிய 5 அங்குல வூஃபர் 40-இல் நான்கு மில்லிமீட்டர் ஆடத் திணறும், திணறும்போது அது எழுப்பும் நடுத்தர ஒலிகளும் சேர்ந்து கெடும். அந்தச் சுமையை இறக்கிவிட்டால் அதே சிறிய ஸ்பீக்கரில் குரல் தெளிவதை முதல் நாளே கேட்கலாம். சப்வூஃபர் வாங்கியதால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால் இந்தத் தெளிவைத்தான் சொல்வேன்.

ஆனாலும் 80 என்பது கல்லில் வெட்டிய எண் அல்ல. ஸ்பீக்கரோடு வரும் தாளில் அது எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணின் மேலேயே எல்லையை வைத்தால், தளர்ந்துபோன இடத்தில் பொறுப்பைக் கைமாற்றுவது போலாகும். அந்த எண்ணைப்போல ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கில் வைப்பது நல்லது. என் ஸ்பீக்கர்கள் 55 வரை இறங்கும் என்று தாள் சொல்கிறது. 80-உம் 90-உம் இரண்டுமே ஒத்துவந்தன, 80-இல் நிறுத்திக்கொண்டேன். 3 அங்குலக் கூம்பு உள்ள சின்னப் பெட்டிகள் என்றால் 120 வரை போகாமல் வழியில்லை. அப்போது சப்வூஃபரை மூலையில் ஒளிக்காமல் முன் ஸ்பீக்கர்களுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். ஆள் உயரப் பெட்டிகள் வைத்திருப்பவர்கள் 60-இல் முயன்று பார்க்கலாம்.

இப்போது ரிசீவரின் அமைப்புப் பட்டியலுக்கு (மெனு) வருகிறேன். அதில் ஸ்பீக்கர் அளவு என்ற இடத்தில் லார்ஜ், ஸ்மால் என்று இரண்டு சொற்கள் இருக்கும். இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவரால் உலகம் முழுதும் குழப்பம். அவை பெட்டியின் உருவத்தைக் குறிப்பவை அல்ல. லார்ஜ் என்றால் எல்லா ஒலியும் அந்த ஸ்பீக்கருக்கே போகும். ஸ்மால் என்றால் எல்லைக்குக் கீழே உள்ளவை சப்வூஃபருக்குப் போகும், அவ்வளவுதான். தம்முடைய பெரிய ஸ்பீக்கரை ஸ்மால் என்று போடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்து லார்ஜ் என்றே வைத்திருப்பவர்கள் பலர். என் வீட்டில் நடந்தது அதைவிட மோசம்: ஸ்பீக்கர்களை லார்ஜ் என்று போட்டுவிட்டு, அதே தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கும் சேர்த்து அனுப்பும் எல்எஃப்இ பிளஸ் மெயின் (எல்எஃப்இ என்பது திரைப்படத்தின் தனித் தாழொலித் தடம்) என்ற தேர்வையும் போட்டிருந்தார்கள். ஒரே சுரம் இரண்டு இடங்களிலிருந்து, இரண்டு வெவ்வேறு தூரங்களைக் கடந்து வந்தது. சில சுரங்கள் கூடிப் பெருத்தன, சில ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஆச்சி வீட்டுச் செம்பு ஆடியது அந்தப் பெருத்த சுரங்களுக்குத்தான்.

அடுத்த தவறு இரட்டை வடிகட்டல். ரிசீவரும் எல்லை வகுக்கிறது, சப்வூஃபரின் முதுகிலும் ஒரு கிராஸ்ஓவர் திருகு இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும். இதன் காரணத்தை விளக்க, 1976-இல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையால் பரவிய, அவர் பெயரையும் அவருடன் பணிபுரிந்த ரஸ் ரைலியின் பெயரையும் தாங்கிய லிங்க்விட்ஸ்-ரைலி முறையை எடுத்துக்கொள்கிறேன். அதில் எல்லைக்கு அப்பால் ஒலி ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் இறங்கும். எல்லைப் புள்ளியில் இரு தரப்பும் தலா 6 டெசிபல் குறைந்து, அதாவது தலா பாதி அழுத்தத்தில் நிற்கும். பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்று. இந்தக் கணக்குப் பிசகாமல் இருந்தால் எல்லை இருப்பதே காதுக்குத் தெரியாது. சப்வூஃபரின் திருகையும் அதே 80-இல் வைத்தால் அதன் பாதி கால் ஆகிவிடும், கூடவே அதன் ஒலி மேலும் பின்தங்கும். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்தைக் கண்டு நாம் வால்யூமை ஏற்றுவோம், 50 ஹெர்ட்ஸில் வீடு குலுங்கும். ஆகவே ரிசீவர் வகுக்கும்போது முதுகுத் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். எல்எஃப்இ என்று எழுதிய துளை இருந்தால் அதில் ஒயரைச் சொருகிவிட்டால் திருகைப் பற்றிய கவலையே இல்லை. ரிசீவரில் எல்எஃப்இ-க்கென்று தனியாகக் கேட்கும் எண் வேறு விஷயம்: திரைப்படத்தின் தனித் தாழொலித் தடம் 120 வரை பதியப்படுவதால் அதை 120-இலேயே விட்டுவிடலாம்.

பாதியும் பாதியும் சேர்ந்து ஒன்று என்றேனே, அவை ஒரே நேரத்தில் வந்தால்தான் ஒன்று. எதிரெதிராக வந்தால் பாதியிலிருந்து பாதி போய் ஒன்றுமில்லை. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 14 அடி, பாதி அலை சுமார் 7 அடி. முன் ஸ்பீக்கர்களைவிடச் சப்வூஃபர் நம் இருக்கைக்கு 7 அடி தள்ளியோ கிட்டவோ இருந்து, அந்த வித்தியாசத்தை ரிசீவருக்கு யாரும் சொல்லாவிட்டால், எல்லைச் சுரம் அறையில் காணாமல் போகும். நான் நாடாவால் அளந்து பார்த்தபோது என் நாற்காலியிலிருந்து ஸ்பீக்கர் 9 அடி, சப்வூஃபர் 15 அடி. தொப்பி ஏன் ஈரச் சாக்காயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது.

சரிசெய்வது கடினமில்லை. ஒவ்வொன்றின் தூரத்தையும் ரிசீவரில் பதிய வேண்டும். பிறகு 80 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, அலையின் ஏற்ற இறக்கத்தை மாற்றிப் போடும் சப்வூஃபரின் ஃபேஸ் திருகை 0-இலிருந்து 180-க்கு மாற்றிப் பார்க்க வேண்டும். எதில் சத்தம் அதிகமோ அது சரி. அதன்பின் சப்வூஃபரின் தூரத்தை அரையடி அரையடியாக மாற்றி, சத்தம் உச்சம் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். மைக் வைத்துத் தானே அளந்துகொள்ளும் ரிசீவர்களும் இருக்கின்றன. அவை 15 அடியில் இருக்கும் பெட்டியை 19 அடி என்று காட்டினால் பதறி மாற்ற வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுப் பகுதி உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்துத் தூரமாகச் சொல்கிறது, அவ்வளவே. அது நாடாவைவிட உண்மையான எண். என் மைத்துனர் நாடா பிடித்து அதைத் 'திருத்தி', ஒரு வாரம் பாட்டைக் கெடுத்து வைத்திருந்தார்.

பட்டாசலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முழுமையாகாது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் தார்சா, பட்டாசல், அடுக்களை என்று ரயில் பெட்டிபோல நீளும். இரண்டு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டோடு பொதுவாக இருப்பதும் உண்டு. என் பட்டாசல் 22 அடிக்கு 12 அடி. இணையான இரண்டு சுவர்களுக்கு நடுவில் அரை அலை, முழு அலை எனப் பொருந்தும் சுரங்கள் அறையில் தேங்கி நிற்கும். நீளத்துக்குப் பொருந்தும் முதல் சுரம் சுமார் 26 ஹெர்ட்ஸ், இரண்டாவது சுமார் 52. அகலத்துக்குப் பொருந்துவது சுமார் 48. 48-உம் 52-உம் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் 50-ஐ ஒட்டிய எந்த ஒலி வந்தாலும் என் அறை அதைத் தூக்கிப் பிடிக்கும். மூலை என்பது இந்தத் தேக்கங்கள் எல்லாவற்றையும் ஒருசேரத் தட்டி எழுப்பும் இடம். கடைக்காரர்கள் மூலையை விரும்புவது அதனால்தான். பெட்டி விலைக்குமேல் பெரிதாகக் கேட்கும். சுண்ணாம்புக் காரைச் சுவரும், சிமென்ட் தரையும், ஒரு பத்தமடைப் பாயும் உள்ள அறையில் இதைக் குறைக்கத் திரைச்சீலைகளால் ஆகாது. பாயும் திரையும் உயர்ந்த ஒலிகளைத்தான் உறிஞ்சும். 50 ஹெர்ட்ஸ் அவற்றை ஒரு பொருட்டாகவே மதிக்காது.

பெட்டியை இடம் மாற்றுவதுதான் வழி. அதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் நாற்காலியில் வைத்துவிட்டு, தாழ்ந்த இசை ஒன்றை ஓடவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் சம அளவில், பிசிறில்லாமல் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், நாற்காலியில் நமக்கு அதே சமம் கிடைக்கும். அறுபத்து நான்கு வயதில் நான் பட்டாசலைச் சுற்றித் தவழ்ந்தபோது பேத்தி முதுகில் ஏறி யானை சவாரி செய்தாள்; வீட்டில் மற்றவர்கள் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. பத்தாயத்திலிருந்து ஐந்தடி தள்ளி, இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், சுவரின் நடுப்பகுதியை ஒட்டிய இடம் ஒத்துவந்தது. பெட்டி இடம் மாறியதால் தூரத்தையும் ஃபேஸையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க நேர்ந்தது.

சத்த அளவைப் பொறுத்தவரை, ரிசீவர் எழுப்பும் சோதனை இரைச்சலில் சப்வூஃபர் மற்ற ஸ்பீக்கர்களுக்குச் சமமாகக் கேட்டால் போதும். கைப்பேசியின் மைக் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும் என்பதால் அது காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்; ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் அது உதவும். மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது காதுக்குத் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். அதனால் இரவில் திருகை ஏற்றத் தோன்றும், பகலில் இறக்க மறந்துபோகும்.

அமைத்தது சரிதானா என்று அறிய எனக்கு இரண்டு சோதனைகள் உதவின. முதலாவது, முன் ஸ்பீக்கர்களின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓர் ஆண் செய்தி வாசிப்பதைச் சப்வூஃபரில் மட்டும் கேட்பது. சொற்கள் விளங்கினால் எல்லை மேலே இருக்கிறது என்று பொருள். பக்கத்து அறையில் யாரோ முனகுவதுபோல அவ்வப்போது ஏதோ கேட்டால் சரி. 150-இல் எனக்குச் செய்தியின் பாதி விளங்கியது, 80-இல் வாசிப்பவர் மூச்சு விடுகிறாரா பேசுகிறாரா என்றே தெரியவில்லை.

இரண்டாவது சோதனை வில்லுப்பாட்டு. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ஒரு கையடக்க ரெக்கார்டரை மேடைக்கு எதிரே வைத்து நானே பதிந்தது. குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது இரண்டு ஒலிகள் பிறக்கின்றன: மட்டை படும் 'சப்' என்ற ஓசை, குடத்துக்குள்ளிருந்து எழும் 'கும்'. முன்னது ஸ்பீக்கரின் பங்கு, பின்னது பெரும்பாலும் சப்வூஃபரின் பங்கு. எல்லை சரியில்லாதபோது 'சப்' என்று முன்னால் ஒரு கை அடித்தது, சற்றுப் பிந்தி மூலையில் வேறொரு குடம் முழங்கியது. எல்லாவற்றையும் சரிசெய்தபின் வில்லின் மணிகளுக்குச் சற்று வலது பக்கம் ஒரே ஆள், ஒரே குடம், ஒரே அடி. பெட்டி எங்கே இருக்கிறது என்று பேத்தியிடம் கேட்டேன், அவள் ஸ்பீக்கரைத்தான் காட்டினாள்.

இனி பாளையங்கோட்டை வாசகருக்கு. எல்லையைச் சரியாக வகுத்தாலும் தாழ்ந்த ஒலி சுவரைக் கடக்கத்தான் செய்யும். அலை நீளமாக இருக்கும்போது ஒன்பது அங்குலச் சுவர் பெரிய தடையல்ல. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் என்று வரையறுக்கின்றன. ஆனால் அந்த அளவு, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் ஏ என்ற எடைமுறையில் எடுக்கப்படுவது. அதில் 100 ஹெர்ட்ஸ் ஒலி 19 டெசிபலும், 50 ஹெர்ட்ஸ் ஒலி 30 டெசிபலும் தள்ளுபடி பெற்றுவிடும். சுவர் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே கருவி சாதுவான எண்ணைக் காட்டக்கூடும். அதை நம்பிப் புகாருக்குப் போவதைவிட, பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு விவரங்களைக் கேட்டுப் பார்க்கும்படி அவரை வேண்டுகிறேன்: பெட்டி மூலையில் இருக்கிறதா, ரிசீவரில் ஸ்பீக்கர்கள் லார்ஜ் என்று இருக்கின்றனவா. இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் பாதித் தொல்லையைப் பணச் செலவில்லாமல் குறைத்துவிடலாம். என் வீட்டில் குறைந்தது. ஆச்சி வீட்டுச் செம்பு இப்போது ஆடுவதில்லை. சில திரைப்படங்களின் வெடிகுண்டுக் காட்சிகள் மட்டும் இன்னும் அவர்கள் அடுக்களைக்குப் போகின்றன என்பதால், இரவு ஒன்பதரைக்குமேல் சப்வூஃபரின் சுவிட்சை அணைத்துவிடுகிறேன்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குளிர்சாதனப் பெட்டி கொண்டுவருபவர்கள்கூட அடியில் மட்டம் பார்த்துக் கால் திருகைச் சரிசெய்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒலிக் கருவியைக் கொண்டுவருபவர்கள் ஒரு நாடாவும் அரை மணி நேரமும் கூடுதலாகக் கொண்டுவந்து, எல்லையையும் தூரத்தையும் பதிந்துவிட்டு, அந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரிசீவரின் பின்னால் ஒட்டிவிட்டுப் போகலாம். நான் பட்ட சிரமத்தை வாங்குபவர் எல்லோரும் பட வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை வாசகரின் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தால், நானே வந்து அமைத்துத் தரத் தயாராக இருக்கிறேன். தவழ்வதற்கு மட்டும் அவர் வீட்டில் இளையவர் யாராவது இருந்தால் நல்லது. ஞாயிறு காலை எனக்கு வசதிப்படும். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அம்பாசமுத்திரம்.